ஏரிக்கரைமேல் குழி வேண்டாம்

செஞ்சிக் கோட்டையின் வெளிமதிலுக்கு உள்ளே இருந்த ஒரே காரணத்தால் கல்வாசல் என்ற ஊருக்குக் கரண்டு வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பஜாரில் சினிமாக் கொட்டகையிலிருந்து சைக்கிள் கடைவரை பல்பு எரிந்தது. மதிலைத் தாண்டிக் கம்பம் நடக்கூடாது, மலையும் கோட்டையும் தெரிகிற பார்வை கெட்டுப்போகும் என்று தொல்பொருள் இலாகா சொல்லியிருந்தது. அதனால் கல்வாசல் ஜனங்கள் அரிக்கேன் விளக்கோடும், மாடு கட்டித் தண்ணீர் இழுக்கிற கவலை இறைப்போடும் காலம் தள்ளினார்கள்.

கேபிளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகலாம் என்று முதலில் சொன்னவர் பொன்னுசாமி என்ற இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர், எதையும் ஆரம்பித்தால் விடாதவர். விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று சர்க்கார் பம்புசெட்டுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பொன்னுசாமி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். மதிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்டலாம், பழைய செங்கல் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எல்லாம் கிடைத்து, கேபிள் சுற்றிய பெரிய மர உருளை லாரியில் வந்து இறங்கிய அன்று ஊரே கூடி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரமூர்த்தி உருளைக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார்.

அந்தக் கூட்டத்தில் நீலாஞ்சனாவும் நின்றாள். அவளைவிட அதிகமாகக் கரண்டை எதிர்பார்த்தவர்கள் ஊரில் இல்லை. அவள் புருஷன் சம்பவநாதன் அவலூர்பேட்டைச் சந்தையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பார்த்தான். கொல்லை என்ற மேட்டு நிலத்தில் மல்லாட்டை போடுவது, தண்ணீர் கட்டுவது, களையெடுக்க ஆள் வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கவலை இழுத்த மாடுகளில் ஒன்று செத்துப்போன பிறகு கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் காய்ந்தது. ஒரு மோட்டார் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று அவள் தினமும் நினைத்தாள்.

மறுநாள் காலை கொல்லைக்குப் போகும்போது சித்தேரி என்ற ஊர் ஏரியின் கரைமேல் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. அங்கங்கே முளைக்குச்சி அடித்திருந்தார்கள். ஒரு குச்சியைத் தனகோட்டி இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற தனகோட்டி? சர்க்கார் குச்சி அது."

"தெரிஞ்சிதாம்மா புடுங்கறேன்."

தனகோட்டி நீலாஞ்சனாவின் கொல்லையில் களையெடுக்க வருகிறவள். கரைக்கு நேர் கீழே காலனியில் அவள் வீடு. முன்பு ஒரு ஐப்பசியில் இந்தக் கரை உடைந்தபோது முதலில் தண்ணீர் புகுந்தது அந்தத் தெருவில்தான். தனகோட்டியின் கைக்குழந்தை தூளியோடு போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஊரும் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

"கேபிள இதும்மேலயா கொண்டுபோறாங்க?" என்றாள் நீலாஞ்சனா.

"ஆமா. உடைஞ்ச கரைய அன்னிக்கு மண்ணக் கொட்டி ஒட்டுப் போட்டதோட சரி. அது மேல நீட்டுக்கு இடுப்பளவு குழி வெட்டி மூடுனா, அடைமழைக்கு நிக்குமா? குழி வெட்ட எங்க வூட்டுக்காரரத்தான் கூப்ட்டிருக்காங்க. எங்க தலைமேல விழப்போற மண்ண எங்க கையாலயே தோண்டணுமாம்."

நீலாஞ்சனா கரைமேல் நின்றபடி கீழே பார்த்தாள். காலனிக் கூரைகள் அவள் காலுக்குக் கீழே இருந்தன. தினமும் நடக்கிற வழிதான். இன்றைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

அன்று சம்பவநாதன் சந்தையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"கரை மேல கேபிள் போடறதுன்னு யார் முடிவு பண்ணது?"

"பஞ்சாயத்துல பேசினதுதான். இன்ஜினியர் மொதல்ல நேராத்தான் கோடு போட்டாரு. தலைவரோட எலுமிச்சந்தோப்பு, அப்புறம் நம்ம கொல்லை, அப்புறம் ஊரு. தலைவர்தான் சொன்னாரு, கரைன்னா புறம்போக்கு, யார் நெலமும் போவாது, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு. நெலம் இருக்கறவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டோம். அதுக்கேத்த மாதிரி இன்ஜினியரு அனுமதி வாங்கிட்டு வந்துட்டாரு."

"காலனில யாரக் கேட்டீங்க?"

சம்பவநாதன் துண்டை உதறித் தோளில் போட்டான். "அவங்களுக்கும் ஒரு தெரு லைட்டு வருதில்ல?"

"தெரு இருந்தாத்தான லைட்டு?"

அவன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். நீலாஞ்சனா அதோடு விடவில்லை.

வேலை தொடங்கும் முன் ஊரைக் கூட்டி ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அனுமதியில் இருந்த ஒரு நிபந்தனை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பொன்னுசாமி திட்டத்தை விளக்கிச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஆட்சேபணை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காகிதத்தை மடிக்கப் போனார்.

"இருக்குது" என்று எழுந்து நின்றாள் நீலாஞ்சனா.

ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பவநாதன் மட்டும் தரையைப் பார்த்தான்.

"கரண்டு வேணும். எனக்கும் வேணும். கரை மேல குழி மட்டும் வேண்டாம்."

சுந்தரமூர்த்தி சிரித்தார். "நயினார் வூட்ல பொழுதோட சாப்ட்டுட்டுப் படுத்துடறீங்க. உங்களுக்கு எதுக்கும்மா கரண்டு? விளக்கில்லாம இருக்கறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

கூட்டம் சிரித்தது. நயினார் என்று ஊர் அழைக்கிற சமணக் குடும்பங்கள் இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிப்பதைச் சொல்லி ஊரில் கேலி செய்வது புதிதில்லை. நீலாஞ்சனா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"தலைவரே, நான் விளக்கப் பத்திப் பேசல. தண்ணியப் பத்திப் பேசறேன்."

பொன்னுசாமி குறுக்கிட்டார். "ஏம்மா, அந்தக் கரைக்கு நீங்க பட்டாதாரரா?"

"இல்ல."

"புறம்போக்குல போற வேலைக்கு உங்க ஆட்சேபணைய எப்படி நான் எழுதிக்க முடியும்? உங்க நெலத்துல வெட்டுனா நீங்க கேக்கலாம்."

"கரை யாருக்கும் சொந்தமில்ல, சரி. அது உடைஞ்சா வர்ற தண்ணி யார் வூட்டுக்குள்ள போவும்? அவங்க ஆட்சேபணைய எழுதிக்குங்க."

கதவோரத்தில் நின்றிருந்த காலனிப் பெண்களுக்கு நடுவிலிருந்து தனகோட்டியின் குரல் வந்தது. "என் பேர எழுதிக்குங்க. பச்சமுத்து பொஞ்சாதி தனகோட்டி."

"மண்ண நல்லா கெட்டிச்சி மூடுவோம்மா" என்றார் பொன்னுசாமி.

"மழைக்கு நிக்கும்னு கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றாள் நீலாஞ்சனா.

பொன்னுசாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சுந்தரமூர்த்தி அவசரமாக எழுந்தார். "செம்புக் கம்பிக்கே பஞ்சமா இருக்கற நேரம். இப்ப விட்டா இந்த உருளைய வேற ஊருக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் யார்கிட்ட போய் அழறது? கூட்டம் முடிஞ்சிது."

அன்றிலிருந்து ஊரில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நின்றது. "வர்ற கரண்டக் காலால தட்டி வுடறா" என்று அவள் காதில் விழும்படி சொன்னார்கள். சம்பவநாதனுக்குச் சந்தையில்கூட அந்தக் கேள்வி வந்தது. வீட்டில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ஊரோட ஒத்துப் போயேன்" என்று ஒருநாள் சொன்னான். "கரை உடைஞ்ச அன்னிக்கி ஊரு எங்க ஒத்து நின்னுது?" என்றாள் அவள்.

குழி வெட்டும் நாள் வந்தது. பச்சமுத்துவும் இன்னும் சிலரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கரைமேல் ஏறினபோது சுண்ணாம்புக் கோட்டின்மேல் தனகோட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் காலனிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடு முழுக்கப் புடவையாகத் தெரிந்தது.

பச்சமுத்து பெண்சாதியைப் பார்த்தான். "எந்திரி. கூலிக்கு வந்திருக்கேன்."

"வெட்டு. மொதல்ல என் காலுல ஆரம்பி."

அவன் கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தான். பிறகு அதைக் கரைச்சரிவில் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கருவிகளைக் கீழே போட்டார்கள்.

நீலாஞ்சனா கொல்லையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று கரையேறி வந்தாள். தனகோட்டி நகர்ந்து இடம் விட்டாள். நயினார் வீட்டுப் பெண் காலனிப் பெண்களோடு மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி ஊருக்குள் போனதும், வராதவர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சுந்தரமூர்த்தி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"போலீசக் கூப்டுவேன். சர்க்கார் வேலையத் தடுத்தா ஜெயிலு."

"கூப்டுங்க" என்றாள் தனகோட்டி. "ஸ்டேசன்ல வெள்ளம் வராது."

பொன்னுசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "எத்தன படி ஏறி இந்த அனுமதிய வாங்குனேன் தெரியுமா? நானா கரைய கேட்டேன்? நேரா கொல்லை வழியாத்தான் கேட்டேன். ஊரே சேந்து கரையில தள்ளிவுட்டுட்டு, இப்ப கரையும் வேணாம்ன்னா கேபிள எங்க போடறது? என் தலையிலயா?"

"எங்க கொல்லையில போடுங்க" என்றாள் நீலாஞ்சனா.

கரைமேல் இருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நெலம் உன் பேர்ல இல்ல" என்றான் சம்பவநாதன். கூட்டத்துக்குப் பின்னால் அவன் வந்து நின்றது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தெரியும். அதனாலதான் உங்களப் பாத்துக் கேக்கறேன். குடுங்க."

"பயிரு போவும். குழிய மூடுனாலும் அங்க ஆழமா உழ முடியாது. யோசிச்சிதான் பேசறியா?"

"யோசிச்சிட்டேன். நம்ம கொல்லைல போறது பயிரு. இங்க போறது வேற."

எல்லோர் முன்னாலும் அவன் முகம் கறுத்தது. கரையிலிருந்து இறங்கிப் போய்விட்டான். நீலாஞ்சனாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. யாரோ கூழ் கொண்டுவந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப்போய்க் கலைந்தார்கள். கூப்பிட்ட போலீசும் வரவில்லை.

பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கப் போகிற நேரத்தில் சம்பவநாதன் திரும்பி வந்தான். கையில் தூக்குப் பாத்திரம்.

"இருட்டறதுக்குள்ள சாப்டு. இல்லன்னா காலையிலவரைக்கும் பட்டினி கெடப்ப."

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் போகவில்லை. கரைச்சரிவில் குந்தியபடி கீழே காலனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை எழுந்தது.

"இவ்ளோ கிட்டவா இருக்குது" என்றான், தனக்குத்தானே. பிறகு இன்னும் கரையிலேயே காத்திருந்த இன்ஜினியரைப் பார்த்தான். "சார், எந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடணும்?"

பொன்னுசாமி அவனை நம்பாமல் பார்த்தார். "நீங்க போட்டா அனுமதிய மாத்தி வாங்கணும். திரும்பவும் மொதல்லருந்து. மழைக்கு முன்னாடி முடியாது."

"மழை போனப்புறம் போடுங்க."

"உருளைய எடுத்துட்டுப் போகச் சொன்னா?"

"நீங்க எடுத்துட்டுப் போவ வுடமாட்டீங்க" என்றாள் நீலாஞ்சனா. "இவ்ளோ அலைஞ்சவரு."

பொன்னுசாமி முதல் தடவையாகச் சிரித்தார், கொஞ்சம் கசப்பாக.

அந்த மழைக்காலம் அவளுக்குப் பெரும் கஷ்டமாகப் போனது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஊர் இருட்டில் கிடந்து அவளைத் திட்டியது. வழுக்கி விழுந்தவர்களும், மண்ணெண்ணெய் கிடைக்காதவர்களும் அவள் பேரைச் சொன்னார்கள். சித்தேரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழியாக வழிந்தது. காலனி ஆண்கள் மண் மூட்டையோடு கரையில் முறைபோட்டு நின்றார்கள். சம்பவநாதன் சாக்கு கொண்டுபோய்க் கொடுத்தான். ஓர் இடத்தில் கசிந்தது, அடைத்தார்கள். கரை நின்றது. நின்ற கரையைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. உடையாத ஒன்றுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது என்று நீலாஞ்சனா நினைத்துக்கொண்டாள்.

தொல்பொருள் இலாகாவிலிருந்து ஒருவர் வந்து கொல்லையை நடந்து பார்த்தார். காலால் புரட்டின ஒரு செங்கல் துண்டை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, மதிலுக்குப் போதுமான தூரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தை பிறந்ததும் புது அனுமதியோடு பொன்னுசாமி சைக்கிளில் வந்தார். ஆனால் சுந்தரமூர்த்தி தன் எலுமிச்சந்தோப்பில் குழி வெட்டச் சம்மதிக்கவே இல்லை.

"என் தோப்ப சுத்திப் போங்க" என்றார். "நயினார் கொல்லை அகலமாத்தான இருக்குது? தாராள மனசுக்காரங்க, இன்னுங் கொஞ்சம் குடுக்கட்டும்."

அப்படியே கோடு போட்டார்கள். பச்சையாக நின்ற மல்லாட்டைச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குழி வெட்டினார்கள். பிஞ்சுக் காய்கள் மண்மேட்டில் சிதறிக் கிடந்தன. நீலாஞ்சனா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. ஒரு கை நிறைய அள்ளி, பிறகு அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

தோப்பைச் சுற்றி வந்ததில் கேபிள் போதாமல் போகும் என்று அளந்து பார்த்ததும் தெரிந்தது. பொன்னுசாமி தலைவரிடம் சொன்னார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"காலனிப் பக்கம் பிரியற துண்டை வெட்டிடுங்க. அந்தத் தெரு லைட்டு அப்புறமா வரட்டும்."

கொல்லையில் நின்று சொன்ன வார்த்தை குழிக்குள் நின்றவர்கள் காதில் விழுந்தது. பச்சமுத்து இடுப்பளவு குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். மண்வெட்டியை மேலே வைத்தான். பிறகு தானும் மேலே ஏறினான். எல்லோரும் ஏறினார்கள்.

"இன்னாடா?" என்றார் சுந்தரமூர்த்தி.

"எங்க தெருவுக்கு லைட்டு இல்லன்னா குழியும் இல்ல, தலைவரே. மீதிய நீங்களே வெட்டிக்குங்க."

"வேற ஊர்லருந்து ஆள் கொண்டாருவேன்."

"கொண்டாங்க" என்றாள் தனகோட்டி. "அவங்க வெட்டட்டும். நாங்க உள்ள எறங்கிப் படுத்துக்கறோம். பழக்கந்தான்."

நீலாஞ்சனா கொல்லையின் நடுவிலிருந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இன்ஜினியர் சார், தோப்பு வழியா நேராப் போனா கேபிள் போதுமா?"

"தாராளமா. காலனிக்குப் போயும் மீதி இருக்கும்."

"அப்படின்னா நேரா வந்தாத்தான் என் கொல்லையில வழி. சுத்தி வர்றதுக்குக் குடுக்கமாட்டோம். இல்லீங்களா?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"குடுக்கமாட்டோம்" என்றான் சம்பவநாதன். சந்தையில் விலையை முடிக்கிற குரல் அது.

சுந்தரமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தோப்புக் கிணற்றுக்கு அவர் மோட்டார் வாங்கி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். கேபிள் வராவிட்டால் அது கோணியைப் போர்த்திக்கொண்டு அப்படியே கிடக்கும். அதுவும் எல்லோருக்கும் தெரியும். அவர் தோப்புப் பக்கம் நடந்து போனார். அடுத்த நாள் ஆளை அனுப்பி, ரெண்டு வரிசை மரத்துக்கு நடுவில் வேர் அறுபடாமல் வெட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பச்சமுத்து அப்படியே வேர் அறுபடாமல் வெட்டினான். அதற்குப் பிறகு சுந்தரமூர்த்தி நீலாஞ்சனாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்குனியில் கரண்டு வந்தது. பள்ளிக்கூடத்து முன்னால் பந்தல் போட்டு, மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போட வைத்தார்கள். ஊர்த் தெருவிலும் காலனியிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. காலனிக் குழந்தைகள் சுவரில் மாட்டிய விளக்குக்குக் கீழே கத்திக்கொண்டே ஓடினார்கள். மழைக்காலத்தில் திட்டின ஒருத்தி நீலாஞ்சனாவின் கையைப் பிடித்து, "இன்னா இருந்தாலும் உனக்கு நெஞ்சழுத்தந்தான்" என்றாள். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. நீலாஞ்சனா இரண்டாகவும் எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி மாலையோடு எழுந்து நின்று, கல்வாசல் ஜனங்கள் சர்க்காரோடு ஒத்துழைத்ததைப் புகழ்ந்தார். கடைசியில், "வேற ஏதாவது குறை இருக்குதா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"இருக்குது" என்று எழுந்தாள் தனகோட்டி.

பொன்னுசாமி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சுந்தரமூர்த்தி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். "இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான் தலைவரே. அய்யா இன்னிக்குத்தான வந்திருக்காரு." அவள் அதிகாரியைப் பார்த்தாள். "ஏரி மதகுல பலகை உளுத்துப் போயிருக்குது. அடுத்த மழைக்கு முன்னாடி யாரு மாத்தித் தருவாங்க?"

"அது என் இலாகா இல்லம்மா" என்றார் அதிகாரி.

"எந்த இலாகான்னு சொல்லுங்க" என்று நீலாஞ்சனாவும் எழுந்தாள். "நாங்க அங்க போறோம்."

பந்தலுக்குப் பின்பக்கம் காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.